தேவசிகாமணி அத்தானும் ஊத்தடிக்குளத்து நீர்த்தெள்ளும்

1907 மே 6. நுண்ணோக்கி, ஏலத்தில். ரூ. 41-0-0.
1907 டிசம்பர் 30. மல்துணி ஒரு கெஜம், கண்ணாடிக் குப்பி இரண்டு டஜன். ரூ. 2-3-0.
1908 ஜனவரி 18. விளக்கு ஸ்பிரிட். ரூ. 0-10-0.
1908 பிப்ரவரி 24. கல்கத்தாவுக்குப் பார்சல். ரூ. 0-9-0.
1910 பிப்ரவரி 21. மேற்படி. ரூ. 0-9-0.
1911 பிப்ரவரி 4. பார்மலின், சென்னையிலிருந்து. ரூ. 2-0-0.
1911 மார்ச் 6. கல்கத்தாவுக்குப் பார்சல். ரூ. 0-11-0.
1912 மார்ச் 2. சாராயம். ரூ. 1-4-0.
1912 மார்ச் 9. சாராயம். ரூ. 1-4-0.
1912 மார்ச் 18. கல்கத்தாவுக்குப் பார்சல். ரூ. 0-14-0.
ஆகக் கூடுதல் ரூ. 51-0-0.

என் அக்காள் சாரம்மாளின் கணவர் தேவசிகாமணி, ஒரு பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்வதற்காகச் செய்த செலவு இது. பூச்சி என்பதுகூடச் சரியில்லை. அது இறால் இனம் என்று அவர் திருத்துவார். அரிசி நொய் அளவே உள்ள ஒன்றை இறால் என்றால் கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆகையால், நாய்த்தெள்ளுபோலத் தத்துவதைப் பார்த்து, நீர்த்தெள்ளு என்று அவரே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். புத்தகப் பெயர் டயாப்டோமஸ். அது குடும்பப் பெயர் மாதிரி. அந்தக் குடும்பத்தில் இது எந்தப் பிள்ளை என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அத்தான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாட ஆசிரியர். சம்பளம் மாதம் இருபத்திரண்டு ரூபாய். தாய்நாடு திரும்பவிருந்த ஒரு துரை தம் சாமான்களை ஏலம் விட்டபோது, மற்றவர்கள் கட்டிலையும் அலமாரியையும் கேட்க, இவர் பித்தளை நுண்ணோக்கியைக் கேட்டார். போட்டிக்கு ஒருவர் இருந்தார். அது துப்பாக்கியின் ஏதோ ஒரு பாகம் என்று எண்ணிக் கேட்டவர். நாற்பதில் அவர் விலகிக்கொண்டார்.

நுண்ணோக்கி வீட்டுக்கு வந்த அன்று அக்காள் என்னிடம் சொன்னாள்: "மிருகங்களுக்கெல்லாம் ஆதாம் பேர் வச்சு முடிச்சாச்சுன்னு ஆதியாகமத்துலயே இருக்கு தம்பி. இவுக இன்னும் என்ன பாக்கி இருக்குன்னு தேடுதாவ?"

"ஆதாம்ட்ட இந்தக் கண்ணாடி கெடையாதே சாரா" என்றார் அத்தான், குழாயைத் துடைத்துக்கொண்டே.

சேரன்மகாதேவிக்குத் தெற்கே, களக்காட்டுப் பாதையில் ஊத்தடிக்குளம் இருந்தது. ஆற்றுக் கால்வாய் எட்டாத மானாவாரிக் குளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும். வைகாசியில் வெடித்துக் கிடக்கும். மாசியில் தண்ணீர் பாதியாகும்போது கரையோரம் குங்குமம் கரைத்ததுபோலச் சிவக்கும். ஒரு குவளையில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், உடல் நீளத்துக்கு இரண்டு கொம்புகளை இருபுறமும் விரித்துக்கொண்டு அவை செங்குத்தாக நிற்கும். திடீரென்று ஒரு தத்துத் தத்தி மறுபடியும் அசையாமல் நிற்கும். அத்தான் பதினொரு குளங்களில் பார்த்திருந்தார். மற்றக் குளங்களில் இருந்தவை வெளிறியவை, சிறியவை. இவை சிவந்தவை, பெரியவை. இது வேறு வகை, இதுவரை யாரும் எழுதாத வகை என்று அவர் நம்பினார். நம்பிக்கை போதாது, தெரிந்தவர் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும். கல்கத்தா அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு அதிகாரி இருந்தார்.

முதல் பார்சலுக்கு நாற்பது உருப்படிகளைப் பொறுக்கி, குளத்துத் தண்ணீர் கலந்த விளக்கு ஸ்பிரிட்டில் போட்டார். வயிற்றடியில் முட்டைப் பை உள்ளதுதான் முழு வளர்ச்சி பெற்றது என்று கொண்டு அவற்றையே எடுத்தார். வலக்கொம்பு தடித்து மடங்கியவையும் நிறைய வந்தன. வலையாகத் தைத்த மல்துணியில் சிக்கி ஒடிந்துவிட்டதாகக் கருதி, ஒவ்வொன்றாகக் கோழியிறகால் ஒதுக்கிக் குளத்திலேயே விட்டார். ஊனப்பட்டதை அனுப்பினால் அனுப்பியவனுக்கு இழிவு என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டும் சேர்த்து வைப்பதற்காகப் போய் அதேபோலவே பொறுக்கினார்.

பதில் வரப் பத்தொன்பது மாதம் ஆயிற்று. ஆங்கிலத்தில் எட்டு வரி. அனுப்பியவை எல்லாம் பெண்கள். மேலே ஏதோ வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஆணின் கடைசிக் கால் இணையைப் பார்க்காமல் இவற்றில் எதையும் இன்ன வகை என்று சொல்ல இயலாது. ஆணுக்கு வலக்கொம்பு மடங்கும், அந்த மடிப்பால்தான் பெண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அத்தான் அதை இரண்டு தரம் படித்தார். "மாப்பிளே, ரெண்டு வருசமா ஆணையெல்லாம் நொண்டின்னு சொல்லித் தண்ணிக்குள்ள விட்டிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். அன்று மாலை ஜெபத்துக்கு வரவில்லை.

1910இல் ஆண்களாகவே எழுபது பிடித்தார். முதலில் தாமே அந்தக் காலைப் பார்த்துவிட எண்ணினார். தையல் ஊசிகள் இரண்டைச் சாணைக்கல்லில் தேய்த்து முனை எடுத்து, கிளிசரின் சொட்டில் ஒன்றைக் கிடத்தி, சன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். கால் பிரிந்து வரும் சமயத்தில் மூச்சு விட்டால் போதும், கால் எங்கே போயிற்று என்று தெரியாது. மூன்று சனிக்கிழமைகளில் பதினான்கு கால்கள் போயின. பதினைந்தாவது கால் ஒழுங்காக வந்தது. வலப்புறம் நீண்ட கொக்கி, அதன் அடியில் ஒரு சிறு முள். அதைப் பார்த்து வரைந்தார். கண்ணாடியை மூடாமல் சோறு உண்ணப் போனார். திரும்புவதற்குள் எறும்பு கிளிசரினோடு காலையும் கொண்டுபோயிற்று. படம் மட்டும் மிஞ்சியது. மற்ற வகைகளின் படங்கள் உள்ள புத்தகங்கள் கல்கத்தாவில் இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மிச்ச ஆண்களை அனுப்பினார். வெள்ளைப் படிவு குளத்துத் தண்ணீரின் சுண்ணாம்பால் வந்தது என்று முடிவு கட்டி, இம்முறை ஸ்பிரிட்டில் கலக்கும் தண்ணீரைக் காய்ச்சி வடிகட்டியிருந்தார். குற்றம் தண்ணீரில் இல்லை. விளக்கெரிக்கும் ஸ்பிரிட் யாரும் குடித்துவிடாதபடி ஏதோ எண்ணெய் சேர்த்து விற்கப்படுவது. எந்தத் தண்ணீர் பட்டாலும் பால்போலத் திரண்டு, உள்ளே கிடப்பதன்மேல் படிந்துவிடும். பெண்ணைப் பெண் என்று அதற்குள்ளும் அடையாளம் காணலாம். ஆணின் காலைக் காண முடியாது; கல்கத்தாவும் அதையே எழுதியது. அடுத்த ஆண்டு பார்மலின் வாங்கினார். அதில் கிடந்தவை விறைத்து, பார்சல் ஆடிய ஆட்டத்தில் கால்கள் எல்லாம் கழன்று குப்பியின் அடியில் தவிடாகச் சேர்ந்துவிட்டன என்று பதில் வந்தது.

நல்ல சாராயம் வாங்கினால் முடிந்தது என்று படிப்பவர்கள் நினைக்கலாம். அத்தான் எங்கள் சபையின் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். சங்கத்தின் வாக்குறுதியை எழுதியவரும் அவரே: குடியேன், வாங்கேன், பிறர் கையால் வாங்குவியேன், எக்காரணத்தாலும். கடைசிச் சொல்லை வேண்டுமென்றே சேர்த்தவர் அவர். மருந்துக்கு என்று சொல்லி வாங்கிக் குடித்த இரண்டு பேரை அதற்கு முன் அவர் பார்த்திருந்தார். மருத்துவச் சுத்த ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பத்தில் பள்ளித் தலைவர் கையெழுத்திடவேண்டும். அவர்தான் சங்கத்துக்கும் தலைவர். விண்ணப்பம் அவர் மேசையிலேயே கிடந்தது.

1912 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தியக் குளங்களில் உள்ள இந்த இனத்துக்கு ஒரு பட்டியல் அச்சாகப்போகிறது. ஏப்ரல் கடைசியில் மூடிவிடுவார்கள். அதற்குள் ஆண்கள் வந்தால் ஊத்தடிக்குளமும் சேரும். சுத்த ஸ்பிரிட் கிடைக்காவிட்டால் நாட்டுச் சாராயத்தில் கடுமையானதில் போட்டு, ஒரு வாரம் கழித்துப் புதுச் சாராயத்துக்கு மாற்றவேண்டும்.

பிப்ரவரி 17, சனிக்கிழமை, நானும் அவருடன் குளத்துக்குப் போயிருந்தேன். அங்கே மீன் குத்தகை எடுத்திருந்தவர் நூகு, பத்தமடைக்காரர். முதல் இரண்டு வருடம் அத்தான் மீன்குஞ்சு திருடுவதாக எண்ணி வேவு பார்த்தவர், பிறகு பழகிவிட்டார்.

"என்ன வாத்தியாரே, மொகம் வாடிக் கெடக்கு? இந்தத் தெள்ளுக்கு இன்னுமா பேர் கெடைக்கல?"

அத்தான் சாராய விவகாரத்தைச் சொன்னார். நூகு வலையை உதறிக்கொண்டே கேட்டார்.

"எனக்கும் அது ஹராம். உமக்கும் ஹராம். உம்ம தெள்ளுக்கு மட்டும் ஹலாலாவே?"

"அது செத்த பெறகுதானே போடுதோம்."

"மவுத்தான பெறகு குடிச்சா குத்தமில்லங்கீரு. இது நல்ல மார்க்கமா இருக்கே." சிரித்துவிட்டு, "என் வண்டிக்காரன் தெனமும் அந்தக் கடை வழியாத்தான் போறான். சொல்லட்டா?" என்றார்.

"வேண்டாம் நூகு அண்ணாச்சி. அடுத்தவன் கையால வாங்கினாலும் வாங்கினதுதான். வாங்கினா நானே வாங்கணும்."

மார்ச் 2, சனிக்கிழமை காலை, அத்தான் கோட்டும் தலைப்பாகையும் அணிந்து வீரராகவபுரத்துச் சாராயக் கடைக்குப் போனார். அங்கே கணக்கு எழுதிய தாணுமாலையன் பின்னர் என்னிடம் நடந்ததைச் சொன்னார். மாதம் ஒருமுறை அந்தக் கடை வாசலில்தான் சங்கத்தார் நின்று பாட்டுப் பாடுவார்கள். ஆகையால் அவர் எழுந்து நின்று, "இன்னைக்குப் பாட்டுக்காரங்களைக் காணலியே ஐயா, தனியா வந்திருக்கிய?" என்று கேட்டாராம்.

"ஒரு புட்டி வேணும். தண்ணி கலக்காதது."

"அதைச் சொல்லாத ஆள் இங்கன வந்ததே இல்ல ஐயா."

அத்தான் ஒரு கரண்டியில் சிறிது ஊற்றிக் கடையிலேயே தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். எரிந்தது. உட்கார்ந்திருந்த இருவர் எழுந்து வந்து, தங்களுக்கும் அப்படிச் சோதித்துத் தரும்படி தாணுமாலையனிடம் கேட்டார்களாம்.

அன்றைய ரயிலிலேயே சேரன்மகாதேவி போய், முப்பத்தொரு ஆண்களை ஆறு குப்பிகளில் போட்டு, ஞாயிறு பிறக்குமுன் வீடு திரும்பினார். சாராயம் தெளிவாகவே இருந்தது. நுண்ணோக்கியில் ஒவ்வொன்றின் கொக்கியும் முள்ளும் வரைந்ததுபோலத் தெரிந்தன. ஒன்பதாம் தேதி மாற்றுச் சாராயத்துக்காக மறுபடியும் அதே கடைக்குப் போனார். முதல் தரம் பார்த்தவர்கள் பிசகாகப் பார்த்துவிட்டோமோ என்று இருந்தார்கள். இரண்டாம் தரம் யாருக்கும் ஐயம் இல்லை.

15ஆம் தேதி சபைக் கமிட்டி கூடியது. பேசியவர் பொருளாளர் பாக்கியசீலன், ஜவுளி வியாபாரி.

"ரெண்டாந் தேதி போனீரு. பூச்சிக்குன்னு சொல்லுதீரு, சரி. ஒம்பதாந் தேதி எதுக்குவே போனீரு?"

"அதுவும் பூச்சிக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப வாரத்துக்கு ஒரு புட்டி குடிக்குதுன்னு சொல்லும்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்திருந்தால் காரியம் லேசாக முடிந்திருக்கும். அவர், அது குடிக்கவில்லை, ஊறுகிறது; முதல் சாராயத்தில் உடலின் நீர் இறங்குவதால் வலு குறைகிறது என்று விளக்கத் தொடங்கினார். கால் மணி நேரம் விளக்கினார். தீர்ப்பு: செயலாளர் பதவி போயிற்று, வீட்டிலுள்ள சாராயம் முழுவதையும் இரண்டு மூப்பர்கள் முன்னிலையில் கொட்டி, மறுபடி வாக்குறுதியில் கையெழுத்திடவேண்டும், அதுவரை அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனப் பந்தியில் சேரக்கூடாது.

மறுநாள் மாலை பாக்கியசீலனும் இன்னொரு மூப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். தபால் ஆபீஸ் அடைத்தாயிற்று, பார்சல் திங்கட்கிழமைதான் போகவேண்டும். புட்டியில் மிஞ்சியிருந்ததை அத்தான் முருங்கை மரத்தடியில் கொட்டினார். பாக்கியசீலன் சன்னலோரத்துக் குப்பிகளைப் பார்த்தார்.

"அதுலயும் அதுதானே?"

"ஆமா."

"அதையும் கொட்டும்."

"கொட்டினா ரெண்டே நாள்ல அழுகிப்போகும். கொட்டமாட்டேன்."

அடுக்களை நடையில் நின்ற அக்காள், "இந்தாங்க, கொட்டிருங்களேன். குளத்துல இன்னும் ஆயிரம் கெடக்கும்லா" என்றாள்.

"இந்த வருசத்துக்கு இவ்வளவுதான். தண்ணி எறங்கிப் போச்சு. அடுத்த மாசிக்குள்ள பட்டியலை மூடிருவாவ."

பாக்கியசீலனுக்குக் கோபம் வரவில்லை. "இது நீர் எழுதின சட்டம்லாவே. நான் எழுதலியே" என்றார். அத்தான் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரிக்குள் வைத்து அடைத்தார். அக்காள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு இருவரும் போனார்கள்.

பார்சல் 18ஆம் தேதி போயிற்று. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூலை 9இல் பதில் வந்தது. அதிகாரி நான்கு மாதம் மலைநாட்டுச் சுற்றுப்பயணத்தில் இருந்தாராம். பார்சல் மார்ச்சிலேயே வந்து ஒரு மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்ததாம். ஆண்கள் மிக நல்ல நிலையில் இருக்கின்றன. பட்டியல் அச்சாகிவிட்டது. உருப்படிகளை ஐரோப்பாவில் உள்ள ஒரு நிபுணருக்கு அனுப்பியிருக்கிறார்.

"கடைசி நாள் ஏப்ரல்னு அவந்தானே எழுதினான்" என்றார் அத்தான். அவர் ஒருவரை அவன் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பந்தி நாட்களில் அவர் பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வெளியே வந்து, சபைக் கோவிலின் வேப்பமரத்தடியில் நிற்பார். அக்காள் தனியாக முன்னே போய் முழங்கால் படியிடுவாள். ஐரோப்பா இன்னும் கேட்டாலும் கேட்கும் என்று, மறுபடி கையெழுத்திடாமலே ஓராண்டை இப்படிக் கழித்தார். அவர்கள் மகள் கிரேஸுக்கு ஏரலில் சம்பந்தம் பேசியிருந்தது. 1913 மார்ச்சில், பெண்ணின் தகப்பனார் பந்தியில் சேருகிறவர்தானா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு அனுப்பினார்கள்.

அக்காள் அத்தானிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள்: "இந்தப் பூச்சிக்குப் பேர் வரும். நம்ம பிள்ளைக்கு என்ன பேர் வரும்?"

அத்தான் பாக்கியசீலனிடம் போனார். கையெழுத்திடுகிறேன், ஆனால் ஆராய்ச்சிக்கு வேண்டியது நீங்கலாக என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்றார்.

"பூச்சிக்குன்னு ஒரு வாசலைத் திறந்து விட்டா, நாளைக்குப் பல்வலிக்குன்னு ஒருத்தன் வருவான், நாளான்னைக்குப் பனிக்குன்னு ஒருத்தன் வருவான். இதை எனக்குச் சொல்லித் தந்தது யாரு வாத்தியாரே?"

அவருக்குச் சொல்லித் தந்தது அத்தான்தான். ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை, சபையார் முன்னே நின்று, எக்காரணத்தாலும் என்ற சொல்லோடு, ஆயுள் முழுவதற்கும் கையெழுத்திட்டார். மே மாதம் கிரேஸின் கலியாணம் நடந்தது. 1914 மாசியில் குளம் சிவந்தபோது அவர் போகவில்லை.

அந்த ஆண்டு கல்கத்தாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐரோப்பிய நிபுணர் பார்த்துவிட்டார். வலக்காலின் கொக்கிக்கு அடியிலுள்ள முள், இதுவரை எழுதப்பட்ட எதிலும் அந்த இடத்தில் இல்லை. புது வகையாக இருக்கக்கூடும். ஆனால் வழியில் பல குப்பிகள் உடைந்து, இரண்டு ஆண்களே மிஞ்சின. இரண்டை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட அவர் மனம் ஒப்பவில்லை. குறைந்தது இருபது ஆண்கள் வேண்டும். முன்போலவே நல்ல சாராயத்தில்.

அத்தான் கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அக்காளின் முகம் மலர்ந்தது. "இருபதுதானே கேக்காவ?" என்றாள்.

"மாசியில இருபது கெடைக்கும். அனுப்ப வழியில்ல."

"அத்தான், நான் வேணும்னா" என்று தொடங்கினேன்.

"நீயும் கையெழுத்துப் போட்டவன்தான் மாப்பிளே. நாந்தான் உனக்குப் பேனா எடுத்துத் தந்தேன்."

அன்றே, ஆண்கள் கிடைக்கும், அனுப்ப இயலாது, வருந்துகிறேன் என்று மூன்று வரி எழுதினார். என்னைத் தபாலில் சேர்க்கச் சொன்னார். "அது பேரில்லாமயே தத்தட்டும். அதுக்கொண்ணும் கொறை இல்ல. கொறை எனக்குத்தான்" என்றார். நுண்ணோக்கியைத் துணியால் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வாரம் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. கல்கத்தாவிலிருந்து வேறு கடிதம் வரவில்லை. அவர் வாசித்துக் காட்டிய அந்தக் கடைசிக் கடிதம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது 1914 ஜூலை 27, திங்கட்கிழமை.